பௌர்ணமி ஆயில்

டென்சியோவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படித்துவிடுவான். சோப்பு உறை, மீன் டின், கொசுவர்த்திப் பெட்டி, மருந்துப் புட்டி, எதையும் விட்டுவைக்க மாட்டான். ஜெட்டாவில் ஒன்பது வருஷம் ஒரு ஷேக்கு வீட்டில் கார் ஓட்டியவன் அவன். ஷேக்கின் பிள்ளைகள் கடைக்குள் நுழைந்தால் வெளியே வர அரை நாள் ஆகும். அதுவரை வண்டிக்குள் கிடக்கிற காகிதத்தையெல்லாம் படிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. அப்படித் தொற்றிக்கொண்டது.

சொந்த ஊரான லிமாசான் தீவுக்குத் திரும்பிய பிறகு அந்தப் பழக்கம் அவனுக்கு மரியாதை தேடிக் கொடுத்தது. டவுனில் வாங்கிய மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஆட்கள் நேரே அவன் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டுக் குழந்தையின் வாயில் இருமல் மருந்தென்று ஊற்ற இருந்ததை வாங்கிப் பார்த்து, அது காதுக்கு விடுகிற மருந்து என்று சொன்னவன் அவன்தான். அன்றிலிருந்து டென்சியோ படித்துச் சொன்னால் பாதிரியார் சொன்ன மாதிரி. நல்ல மனுஷன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மரியாதை ஒரு ஆளுக்குள் இறங்கிவிட்டால் லேசில் வெளியே வராது.

ஜெட்டாப் பணத்தில் அவன் கட்டிய படகுக்கு 'ஜெட்டா குயின்' என்று பெயர். கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் மூங்கில் கைகளை நீட்டிக்கொண்டு, வயிற்றில் ஜப்பானிலிருந்து வந்த பழைய லாரி எஞ்சினைச் சுமந்துகொண்டு, தினமும் காலையில் தீவிலிருந்து டவுனுக்கும் சாயங்காலம் டவுனிலிருந்து தீவுக்கும் ஆட்களைக் கொண்டுபோகும். சுக்கான் டென்சியோவின் கையில். எஞ்சின், அவன் மனைவி எமிலிங்கின் தம்பி நாடோவின் கையில். நாடோ நன்றாகக் கள் குடிப்பான், அதைவிட நன்றாக வாயடிப்பான்.

இந்தக் கரையில் எஞ்சின் ஆயில் மாற்றுவதற்கு ஒரே ஒரு கணக்குத்தான் உண்டு. பௌர்ணமி. விளக்குப் போட்டு மீன் பிடிப்பவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. நிலா வெளிச்சத்தில் எந்த மீன் விளக்கைத் தேடி வரும்? அன்றைக்குத்தான் கடலும் ரொம்ப தூரம் வற்றும். முந்தின இரவு நிறைந்த தண்ணீரில் படகுகளைக் கரைமேல் ஏற்றிவிட்டால், விடிந்ததும் அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டலாம். சுரண்டும்போதே எஞ்சினின் அடி ஆணியைக் கழற்றிப் பழைய ஆயிலைச் சட்டியில் இறக்கிவிடுவார்கள், புதுசு ஊற்றுவது மறுநாள் காலையில்தான். பயணிகள் படகு, மீன் படகு, எல்லாவற்றுக்கும் அதே நாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. அன்று முழுக்கக் கரையில் கறுப்பு வாசனை அடிக்கும். கடல் காலியாகக் கிடக்கும். எதிர்க் கரையில் டவுனிலும் அப்படித்தான்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து டென்சியோ செபு நகரத்துக்குப் போனவன், ஒரு தங்க நிற டப்பாவோடு வந்து இறங்கினான்.

"இது என்ன மச்சான், சர்பத் மாதிரி இருக்கு?" நாடோ மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"மோந்து பாக்குற சரக்கா இது? லேபிளைப் படிடா."

"நான் படிச்சிருந்தா உன் எஞ்சினைத் துடைச்சிக்கிட்டு ஏன் கிடக்கப்போறேன்? நீயே படி. அதுக்குத்தானே உன்னைப் பெத்துப் போட்டிருக்கு."

கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். டென்சியோ டப்பாவைத் துண்டால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தான். மேலே ஒரு சிவப்புக் கார் பறந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'சின்தெடிக்'.

"அப்படின்னா?"

"நாம ஊத்தறது பூமியில இருந்து எடுத்து வடிகட்டின சரக்கு. இது ஆராய்ச்சிக்கூடத்துல உக்காந்து செஞ்சது. ஷேக்கு வண்டிக்கு இதான் ஊத்துவோம். வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா ஜாஸ்தி."

"அதுக்கும் கீழ பொடியா ஏதோ இருக்கே?"

"டெக்னாலஜி. சின்தெடிக் டெக்னாலஜி. இன்னும் ஒசத்தின்னு அர்த்தம்."

ஒசத்தியாம். முதல் வார்த்தையைத் தின்றுவிடுவதற்காகவே பக்கத்தில் ஒட்டவைக்கிற வார்த்தை அது. முழு சின்தெடிக் என்று எழுதத் தைரியம் இல்லாதவன், சாதா ஆயிலில் கொஞ்சம் நல்லதைக் கலந்துவிட்டு, பொடி எழுத்தில் அதைப் போட்டு ஒதுங்கிக்கொள்வான். ஷேக்கு வீட்டு டப்பாக்களில் அந்த இரண்டாவது வார்த்தை இருந்ததே இல்லை. டென்சியோவுக்கு அது ஞாபகம் வரவில்லை. அவன் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்துக்கொண்டிருந்தான்.

"பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான். இங்கேருந்து டவுன் இருபது. போக வர நாப்பது. கணக்குப் போட்டுப் பாரு. அடுத்த ஈஸ்டருக்கு அப்புறம்தான் ஆணியில கை வைக்கணும்."

"கிலோமீட்டரா?" நாடோ கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தான். "எங்க மச்சான் கல்லு நட்டிருக்கான்? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

"தூரம் தூரம்தான்டா. தரையில ஓடினா என்ன, தண்ணியில ஓடினா என்ன?"

"அப்படி இல்ல மச்சான். லாரி மேட்டுல ஏறும், அப்புறம் இறக்கத்துல சும்மா உருண்டு வரும். எஞ்சின் கொஞ்சம் மூச்சு விட்டுக்கும். கடல்ல ஏது இறக்கம்? போகும்போதும் மேடு, வரும்போதும் மேடு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாடோவும் சிரித்தான். சிரிக்கவைக்கத்தான் அவன் அதைச் சொன்னான். அவன் சொன்னதில் விஷயம் இருப்பது அவனுக்கே தெரியாது. டென்சியோவின் பெண் வெங் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பின்பக்கத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. கடுமையான உழைப்பில் இன்னும் சீக்கிரம் மாற்றவும். டென்சியோ அதையும் படித்தான். கடுமையான உழைப்பு என்றால் அவனுக்குத் தெரிந்தது ஜெட்டாவின் மணல் காற்று, நெரிசலில் நின்று நின்று போகிற வண்டிகள். கடலில் தூசி ஏது, நெரிசல் ஏது? அந்த வரியை மட்டும் அவன் சத்தமாகப் படிக்கவில்லை.

முதல் பௌர்ணமி வந்தது. எல்லாப் படகும் மணலில் சாய்ந்து கிடக்க, ஜெட்டா குயின் மட்டும் ராணி மாதிரி புறப்பட்டது. அன்றைக்கு டவுனுக்குப் போக வேண்டிய அத்தனை பேரும் அவன் படகில்தான். கூரையில் கூட ஆட்கள். டென்சியோ சுக்கானைப் பிடித்துக்கொண்டு கரையில் சுரண்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தான்.

"பௌர்ணமிக்குப் பயப்படாத ஆயிலா? அப்போ அது பேய் வகைதான்!" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"நிலாவுக்கும் ஆயிலுக்கும் என்னடா கல்யாண சம்பந்தமா?" என்று டென்சியோ திருப்பிக் கத்தினான். அந்தப் பதில் தீவு முழுக்கப் பரவியது. சின்னப் பிள்ளைகள் கூட அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

இரண்டாவது பௌர்ணமியில் நாடோ எஞ்சினிலிருந்து ஆயில் அளவுக் கம்பியை உருவிக் காட்டினான். கம்பி நுனி கன்னங்கரேலென்று இருந்தது.

"கறுக்கத்தான் செய்யும். அழுக்கைத் தன்கிட்ட இழுத்துக்குது, அதான் அதோட வேலை," என்றான் டென்சியோ. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இழுத்து வைத்துக்கொண்ட அழுக்கோடு அது எத்தனை நாள் ஓடும் என்ற கேள்வியை அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது பௌர்ணமிக்குள் ஆயில் குறைய ஆரம்பித்தது. குறைந்த அளவுக்கு டென்சியோ டப்பாவில் மிச்சம் இருந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வந்தான். ஒருநாள் நாடோ ஊற்றவிடவில்லை. எஞ்சின் மூடியில் காதை வைத்தபடி கையைக் காட்டி நிறுத்தினான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"மச்சான், உள்ள யாரோ விரலால தட்டுறான்."

"யாருடா தட்டுறது? கள்ளு உனக்குக் காதுக்கு ஏறிடுச்சு."

"விளையாடல. நீயே காதை வையி. கதவைத் தொறக்கச் சொல்ற மாதிரி தட்டுது."

டென்சியோ காதை வைக்கவில்லை. பயணிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பயமா இருந்தா கரையில இரு. என் எஞ்சினுக்கு ஆள் வேண்டாம், தானா ஓடும்," என்றான். நாடோ கையைத் துடைத்த துணியை எஞ்சின்மேல் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் ஜெட்டா குயினில் ஏறவில்லை. எமிலிங் இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேரன் பிறந்தான், வீட்டில் சண்டை மறந்துபோனது.

டவுன் கோயிலில் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபோதுதான் விஷயம் வந்தது. வெங்கின் புருஷன் அர்னெல் கப்பலில் சமையல்காரன். திங்கட்கிழமை மணிலாவுக்குப் போயாக வேண்டும். போனால் திரும்ப ஒரு வருஷம். அவன் இருக்கும்போதே பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் என்று வெங் அழுதாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது பௌர்ணமி.

"அதனால என்ன? நம்ம படகுதான் என்னைக்கும் ஓடுமே," என்றான் டென்சியோ.

அந்தத் தட்டல் இப்போது அவனுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் திரும்பி வரும்போது, பாரம் நிறைந்து நீரோட்டத்தை எதிர்த்து ஏறும்போது, தெளிவாகக் கேட்கும். கரை நெருங்கி வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். அடங்கியதும் அவனும் மறந்துவிடுவான்.

ஞாயிறு காலை கரை முழுக்கக் கறுப்பு வாசனை. படகுகள் வரிசையாக மணலில் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சட்டி. தென்னை மரத்தடியில் பன்றி சுடக் குழி வெட்டியிருந்தது. சுடும் பொறுப்பு நாடோவுடையது. வெங்கின் தாய்மாமன் அதைக் கூடச் செய்யாவிட்டால் எப்படி? வெள்ளை உடுப்போடு குடும்பம் படகில் ஏறும்போது, நாடோ இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான். ஒரு கையில் காலிச் சட்டி, இன்னொரு கையில் சாதா ஆயில் டப்பா.

"மச்சான், ஒரு மணி நேரம் குடு. மாத்திடறேன்."

"பூசை ஆரம்பிச்சிடும்டா. பிந்திப் போனா பாதிரியார் அடுத்த தடவைன்னுடுவாரு. அர்னெல் நாளைக்குக் கிளம்பறான்."

"பாதி நேரம் குடு. அடி ஆணியை மட்டும் கழட்டி, கறுப்பை இறக்கிட்டு, இதை ஊத்திடறேன். துணி கூட அழுக்காகாது."

"வேண்டாம்."

"நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும். நான் குடிகாரனாவே இருக்கட்டும்." நாடோவின் குரல் இறங்கியது. "பிள்ளை ஏறுது மச்சான் அதுல."

"பா, மாமாதான் இவ்வளவு சொல்றாரே," என்றாள் வெங். குழந்தை அவள் தோளில் தொப்பிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

டென்சியோ எல்லாரையும் பார்த்தான். மருமகனின் அப்பா அம்மா உட்கார்ந்திருந்தார்கள். ஞானத்தாயாக வந்த டீச்சர் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். கரையில் சட்டி பிடித்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆணியைக் கழற்றினால், நிலாவுக்கும் ஆயிலுக்கும் கல்யாண சம்பந்தமா என்று கேட்ட வாயை எங்கே வைத்துக்கொள்வது?

"லேபிள்ல பதினஞ்சாயிரம் போட்டிருக்கு. அதுல பாதி கூட ஓடல," என்று சொல்லி எஞ்சினைக் கிளப்பினான்.

நாடோ மூங்கில் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் தண்ணீரில் கூடவே நடந்தான். ஆழம் கழுத்துக்கு வந்ததும் விட்டுவிட்டான்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் ஏறுகிற நேரம், கடல் சாதுவாக இருந்தது. டென்சியோவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. டவுன் கரையிலும் படகுகள் எல்லாம் மணலில்தான். அங்கே சட்டி கழுவிக்கொண்டிருந்த ஒருவன், "இன்னைக்குப் போயி ஓட்டுறியே, உனக்கு வீட்ல எடுத்துச் சொல்ல யாரும் இல்லையா?" என்று கேட்டான். டென்சியோ வழக்கமான பதிலை விட்டுவிட்டுக் கயிற்றைக் கட்டப் போனான்.

கோயிலில் குழந்தை வீறிட்டு அழுதது. நல்ல சகுனம் என்றார்கள். பாதிரியார் பெற்றவர்களையும் ஞானப்பெற்றோரையும் பார்த்து, "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? அவனுடைய வெற்று வாக்குறுதிகளை விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்டார். எல்லாரும் விட்டுவிடுகிறோம் என்றார்கள். டென்சியோவும் சொன்னான். சொல்லும்போது அவன் காதுக்குள் அந்த விரல் தட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் பலகாரம் வாங்கப் போனபோது அவன் தனியாகப் படகுக்கு வந்தான். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அளவுக் கம்பியை உருவினான். நுனியில் இருந்தது ஆயில் இல்லை. தார். விரலால் தொட்டால் நூலாக இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆயில் கடைகள் மூடியிருந்தன. டப்பாவில் கடைசியாகக் கிடந்ததைக் கவிழ்த்து ஊற்றினான். அரை டம்ளர் இருந்திருக்கும். பிறகு கத்தியை எடுத்துக் காலி டப்பாவின் தலையை அறுத்து, படகுக்குள் சேர்கிற தண்ணீரை இறைக்க வைத்துக்கொண்டான். இன்றைக்கு ஒரு நாள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். நாளைக்குக் காலையில் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். நாடோவிடம் கூடச் சொல்ல வேண்டாம். நாடோவிடம் சொல்ல வேண்டியதில்லை என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி கூட இருந்தது. பாவி மனுஷன்.

கிளம்பும்போது கடல் வற்ற ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருந்தது. லிமாசானுக்கு முன்னால் கடல் குறுகுகிற இடத்துக்குத் தொண்டை என்று பெயர். வற்றுகிற தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகத்தான் தெற்கே திறந்த கடலுக்கு ஓடும். சாதாரண நாளில் அது ஒரு பொருட்டே இல்லை. பௌர்ணமியில் அது ஆறு மாதிரி ஓடும். நல்ல எஞ்சின் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறுக்கே ஏறிவிடும்.

பாதி வழியில் தட்டல் கேட்டது. டென்சியோ பாட ஆரம்பித்தான். அவன் பாடி யாரும் கேட்டதில்லை. அர்னெல் சிரித்தான். எமிலிங் சிரிக்கவில்லை. அவள் புருஷனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"என்ன டென்சியோ?"

"ஒண்ணும் இல்ல."

"என்ன சத்தம் அது?"

"ஒண்ணும் இல்லன்னேன்ல."

தொண்டைக்குள் நுழைந்ததும் அவன் வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. கூட்டியதும் விரல் முஷ்டியானது. பலகை அதிர்ந்தது. டீச்சர் விசிறியை நிறுத்திவிட்டாள். கருகின வாசனை வந்தது, எஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து நீலப் புகை வந்தது. பிறகு ஒரு கிறீச்சிடல். இரும்பு இரும்பைக் கடித்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அந்த அமைதியில் முதலில் கேட்டது தண்ணீரின் சத்தம்தான். அத்தனை நேரமும் அது கீழே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

டென்சியோ மூடியைத் தூக்கினான். சூடு முகத்தில் அடித்தது. கம்பியைப் போட்டு எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தான், அர்னெலும் சேர்ந்து தொங்கினான், அது அசையவில்லை. லாரி என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்ளலாம். நங்கூரத்தைப் போட்டார்கள், கயிறு முழுக்கப் போயும் தரை தட்டவில்லை. இருந்த இரண்டு துடுப்பை ஆண்கள் மாறி மாறிப் போட்டார்கள். படகு அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பக்கவாட்டில் திரும்பி, அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு, தெற்கே போக ஆரம்பித்தது.

விலாவில் அடித்த அலை உள்ளே வந்து விழுந்தது. வெள்ளை உடுப்புகள் நனைந்தன. எமிலிங் பெஞ்சுக்கு அடியிலிருந்து மிதவைச் சட்டைகளை இழுத்துப் போட்டாள், எல்லாருக்கும் போதவில்லை. குழந்தைக்கு ஏற்ற அளவில் ஒன்று கூட இல்லை. அவள் ஒன்றை எடுத்து வெங்குக்கு மாட்டி, அதற்குள்ளே குழந்தையையும் வைத்துக் கட்டினாள். பிறகு வெட்டிய டப்பாவை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"இறை."

அவன் இறைத்தான். ஒவ்வொரு முறை குனியும்போதும் தங்க எழுத்து தண்ணீருக்குள் போய் வெளியே வந்தது. சிவப்புக் கார் பறந்துகொண்டே இருந்தது.

"தீவுதான் பக்கத்துல வருதே," என்றாள் டீச்சர். "பாருங்க, பாருங்க, நம்ம கரை!"

உண்மைதான். நீரோட்டம் அவர்களைத் தீவின் பக்கமாகத்தான் கொண்டுபோனது. பன்றி சுடுகிற புகை நேராக மேலே போவது தெரிந்தது. தென்னை மரங்கள் தெரிந்தன. மணலில் வரிசையாகச் சாய்ந்திருந்த படகுகளின் நிறம் கூடத் தெரிந்தது. அர்னெல் சட்டையைக் கழற்றி மூங்கில் கையின்மேல் ஏறி நின்று வீசினான். டீச்சர் விசிறியை வீசினாள். எல்லாரும் கத்தினார்கள்.

முதலில் கரையில் யாரும் அசையவில்லை. ஏதோ வேடிக்கை காட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பிறகு புகைக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஓடினான். அந்த ஓட்டம் டென்சியோவுக்குத் தெரியும். நாடோ முதல் படகுக்கு ஓடினான், ஒரு சட்டியைத் தூக்கினான். அடுத்த படகில் இன்னொருவன் தூக்கினான். காலையில் இறக்கிய கறுப்பையே திரும்ப எஞ்சினுக்குள் ஊற்றுகிறார்கள். ஆணியைத் திருக வேண்டும், கழுவிக் காயவைத்த பாகங்களை மாட்ட வேண்டும், ஊற்ற வேண்டும். ஊற்றினாலும்? மணலில் கிடந்த படகுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பவளக்கல் தரை அத்தனை தூரம் வெறுமையாகக் கிடந்தது. பௌர்ணமிக் கடல் போன தூரம். அத்தனை பேரும் தோளைக் கொடுத்து ஒரு படகைத் தூக்குவது தெரிந்தது. நாலு எட்டு வைத்ததும் அது சாய்ந்தது. மறுபடி தூக்கினார்கள்.

கரை நகர்ந்துகொண்டிருந்தது. புகை முன்னால் இருந்தது, பக்கத்துக்கு வந்தது, பிறகு தோளுக்குப் பின்னால் போனது. அதற்கு அப்புறம் தீவின் வால்முனையில் இரண்டு பாறைகள். அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. வெங் அதை அணைத்தபடி கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்ப்பவள் மாதிரி ஒவ்வொரு படகாகப் பார்த்தாள்.

"பா, அத்தனை போட் கிடக்குதே. ஏன் பா ஒண்ணு கூட வரல?"

டென்சியோ இறைப்பதை நிறுத்தவில்லை. எமிலிங் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் வாயால் வரட்டும் என்று இருந்தாள்.

"பா?"

"இன்னைக்குப் பௌர்ணமிம்மா," என்றான்.